கத்தி வகுப்பு

கண்ணாத்தாள் இடக்கைக்காரி. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் அதைத் திருத்த என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மூன்று வயதில் இடக்கையை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்தார்கள். ஐந்து வயதில் விரல்களில் வேப்பெண்ணெய் தடவினார்கள். ஏழு வயதில் அவளுடைய அப்பா கரண்டிக் காம்பை அடுப்பில் காய்ச்சி உள்ளங்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு அவள் வலக்கையால் சாப்பிட்டாள், வலக்கையால் கோலம் போட்டாள், வலக்கையால் பரிமாறினாள். எல்லாமே கோணலாக வந்தது. குழம்பு இலைக்கு வெளியே விழும். கோலப்புள்ளி வரிசை தப்பும். சின்னுசாமியைக் கட்டிக்கொண்டு போன ஊரிலும், "அவளுக்குக் கை வராது" என்பதே அவளைப் பற்றிய பேச்சாக இருந்தது.

கிணறு வற்றி, இருந்த புன்செய்க் காட்டையும் விற்றுவிட்டுச் சேலத்துக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. பிள்ளை குட்டி இல்லை. சின்னுசாமி செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினான். அவளுக்கு அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையை ஒட்டியிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வசதி. அடுக்களைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாவாட்டுவது, அரிசி களைவது, விறகு பிளப்பது எல்லாவற்றையும் இடக்கையாலேயே செய்தாள். பந்தியில் மட்டும் கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொள்வாள். ஒரு முறை ரசம் தளும்பி அவள் காலிலேயே கொட்டிக் கொப்பளித்துப் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அந்தப் பள்ளிக்கு எல்சா வந்தாள். சுவீடன் தேசத்துக்காரி, இருபத்தாறு வயது. அங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மரம் செதுக்கக் கற்றுக்கொடுப்பார்களாம், அதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். பள்ளிப் பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் பாடம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அக்கம்பக்கத்துப் பெரிய பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தாள். அவள் அந்தக் கலைக்கு 'சுலாய்ட்' என்று ஏதோ பெயர் சொன்னாள். யார் வாயிலும் அது நுழையவில்லை. வந்தவர்கள் அதைக் கத்தி வகுப்பு என்றார்கள்.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். தலைமையாசிரியை ஜானகியம்மாள் சொன்னதால் கண்ணாத்தாளும் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்சா ஆளுக்கொரு சின்னக் கத்தி கொடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும், பிடி மட்டும் கைக்கு அடக்கமாக உருண்டிருந்தது.

"நீங்கள் அஞ்ச வேண்டாம்," என்றாள் எல்சா. புத்தகம் பார்த்துக் கற்ற தமிழ். "பலம் கையில் இருந்து வரக் கூடாது. தோளில் இருந்து வர வேண்டும். கத்தி கொஞ்சம்தான் நகரும். கட்டை விரல் அதைப் பின்னால் இருந்து தள்ளும்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் செதுக்க ஆரம்பித்தார்கள். செய்ய வேண்டியது ஒரு மரக்கரண்டி. ஆசாரிமார் காய்ந்த மரத்தில் வேலை செய்வார்கள். எல்சாவின் ஊர் முறையோ ஈரம் காயாத பச்சை மரத்தில் கத்தி போடுவது. அவர்கள் ஊரில் வெள்ளைத் தோல் மரம் ஒன்று இருக்கிறதாம், அது இங்கே கிடைக்காததால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து நிழல்மரக் கிளைகளைக் கொண்டுவந்திருந்தாள். அது நார் நாராகப் பிய்ந்தது. கண்ணாத்தாள் வலக்கையில் கத்தியைப் பிடித்து நான்கு இழுப்பு இழுத்தாள். ஐந்தாவது இழுப்பில் கத்தி வழுக்கி இடக்கைக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

எல்சா ஓடிவந்து துணி சுற்றினாள். பிறகு அவளெதிரில் குந்தி உட்கார்ந்து, "நீங்கள் நேற்று விறகு பிளந்தீர்கள். நான் சன்னலில் இருந்து பார்த்தேன். எந்தக் கை?" என்று கேட்டாள்.

"வலதுங்க."

"பொய். இந்தக் கை." எல்சா துணி சுற்றிய கையைத் தொட்டாள். "அடுத்த சனிக்கிழமை கத்தியை இந்தக் கையில் எடுங்கள்."

"வேணாமுங்க. அது பீச்சாங்கைங்க."

அந்தச் சொல் எல்சாவின் புத்தகத்தில் இல்லை போலும். விழித்தாள். முன் பெஞ்சிலிருந்த பொன்னாத்தாள் அது எதற்கு உதவுகிற கை என்று சாடையில் விளக்கியதும் அவள் முகம் சிவந்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை விரல் ஆறியிருந்தது. வரும்போது கண்ணாத்தாள் மடியில் ஒரு பூவரசங்கிளையை வைத்துக்கொண்டு வந்தாள். முழங்கை போல வளைந்த கிளை. கரண்டியின் வளைவு கிளையிலேயே இருந்தால் மரம் உடையாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அடுப்புக்கு விறகு உடைக்கிறவளுக்கு அது தெரியும். கத்தியை வலக்கையில் எடுத்தாள். சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடக்கைக்கு மாற்றினாள். கிளையை மார்போடு அணைத்துப் பிடித்துக் கத்தியைத் தள்ளினாள். மரம் சுருள் சுருளாக உரிந்து மடியில் விழுந்தது. ஓர் இடத்திலும் பிசிறவில்லை. இன்னொரு தள்ளு. இன்னொன்று. பிறந்த நாளிலிருந்து அந்தக் கை ஒரு காரியத்தை ஒளியாமல் செய்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னாயி, சாலைக்கு அந்தப்புறம் பால் விற்கிறவள், உரக்கச் சொன்னாள்: "பீச்சாங்கையில செதுக்கின அகப்பையில யாரு சாமி கொளம்பு ஊத்திக்குவா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாத்தாளுக்குக் காது மடல் சுட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். ஆனால் மடியில் கிடந்த சுருள்களைப் பார்த்தாள். எழவில்லை.

"நீ ஊத்திக்காட்டி பட்டினி கெட," என்றாள். கை நிற்கவில்லை.

கரண்டியின் வெளிப்புறம் இரண்டு வாரத்தில் உருவாகிவிட்டது. குழியைக் குடைவதில்தான் சிக்கல். அதற்கு எல்சா கொக்கி போல வளைந்த கத்திகள் கொண்டுவந்திருந்தாள். எல்லாமே வலக்கையில் பிடித்தால் மட்டும் கூர் மரத்தில் படுகிறபடி வளைந்திருந்தன. இடக்கைக்கு ஒன்று கூட இல்லை. "ஊருக்கு எழுதிப் போடுகிறேன். கப்பலில் வர நான்கு மாதம் ஆகும்," என்றாள் எல்சா. கண்ணாத்தாள் ஒரு கத்தியை மாதிரிக்கு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாளே செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தாள்.

கொல்லன் கருப்பண்ணன் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டைகள் அடிக்கிறவன். சின்னுசாமியின் வண்டிக்கும் அவன்தான் வேலை பார்ப்பான். மாதிரியை உருட்டிப் பார்த்துவிட்டு, "அடிச்சுத் தரலாமுங்க, சுலபந்தான்," என்றான்.

"இப்படியே வேணாம். கண்ணாடியில பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி. எடக்கைக்கு."

கருப்பண்ணன் மாதிரியைக் கீழே போட்டான். "அதெல்லாம் இந்த உலைக்களத்துல அடிக்கிறதில்லீங்க. எங்கப்பன் காலத்துலயும் அடிச்சதில்ல. சாமி கும்பிட்டு மூட்டற நெருப்பு."

"நெருப்புக்கு எந்தக் கைன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியுமுல்ல."

கண்ணாத்தாள் போகவில்லை. பட்டறை வாசலில் கிடந்த உடைந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கருப்பண்ணன் பார்த்தான், பார்க்காதது போல வேலையைத் தொடர்ந்தான். துருத்தி ஊதுகிற ஆள் மத்தியானம் சாப்பிடப் போனான். உலை தணியத் தொடங்கியது. கண்ணாத்தாள் எழுந்து உள்ளே போய்த் துருத்திக் கயிற்றை இடக்கையால் பிடித்து இழுத்தாள். கருப்பண்ணன் வாயைத் திறந்தான். இரும்பு சிவந்துகொண்டிருந்தது, சூடு போனால் மறுபடி முதலிலிருந்து. வாயை மூடிக்கொண்டு சுத்தியலை எடுத்தான். அந்தப் பட்டையை அடித்து முடிக்கிறவரை அவள் ஊதினாள். அடுத்த பட்டைக்கும் ஊதினாள். துருத்திக்காரன் திரும்பி வந்து, தன் இடத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்து மலைத்துப் போனான்.

"பட்டை நல்லா வந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

கருப்பண்ணன் நெற்றியை வழித்துக்கொண்டான். "வந்திருக்குது."

"அப்ப கத்தியும் நல்லா வரும். அடிங்க."

சாயங்காலம் அவள் திரும்பும்போது முந்தானையில் மாதிரிக் கத்தியோடு கருப்பண்ணன் அடித்த இரண்டு கொக்கிக் கத்திகளும் இருந்தன, இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று.

அந்தக் கத்தியால் அவள் குடைந்து முடித்த அகப்பை பெரியது, நாற்பது பேர் பந்திக்குக் குழம்பு ஊற்றுகிற அளவு. விளிம்பில் வலது பக்கமாக ஒரு மூக்கு வைத்திருந்தாள். இடக்கையால் சாய்த்தால்தான் அந்த மூக்கு வழியாகக் குழம்பு விழும். எல்சா அதை வாங்கி விரலால் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு வகுப்புக்கே தூக்கிக் காட்டினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கண்ணாத்தாள் அந்த அகப்பையோடு பந்திக்குப் போனாள். கை மாற்றவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊற்றிக்கொண்டே போனாள். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. இரண்டு நாளில் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். முன்னைவிடச் சீக்கிரம் பந்தி முடிந்தது.

மூன்றாவது வாரம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து குழந்தைவேல் வந்தார். நிலபுலம் உள்ளவர். அவருடைய மகள் விடுதியில் தங்கிப் படித்தாள், பள்ளிக்கு நெல் மூட்டைகளும் அவர் அனுப்பிவைப்பதுண்டு. மகளைப் பார்க்க நேராகப் பந்தி நடக்கும் கூடத்துக்கு வந்து வாசலில் நின்றார்.

"யாரும்மா இவ? என் பொண்ணு தட்டுல பீச்சாங்கையால ஊத்தறவ?"

பின்னாலேயே வந்த ஜானகியம்மாள், "கண்ணாத்தா, கைய மாத்து," என்றாள்.

வரிசையில் இன்னும் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணாத்தாள் திரும்பிப் பார்த்து, "பசியோட உக்காந்திருக்குதுங்க. முடிச்சுட்டு வாரேனுங்கம்மா," என்றாள். முடித்துவிட்டுத்தான் வந்தாள். அதே கையால்.

ஜானகியம்மாள் கெட்டவள் அல்ல. அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு இதமாகவே பேசினாள். எல்சா சன்னலோரம் நின்றிருந்தாள்.

"வகுப்புல எந்தக் கையால வேணும்னாலும் செதுக்கிக்க. பந்தியில மட்டும் வலது கை. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிடறேன்."

"அம்மா, மாவாட்டறது எந்தக் கையின்னு அவுரு கேட்டாருங்களா? அரிசி களையறது? காய் அள்ளிப் போடறது? நாலு வருசமா எல்லாம் இந்தக் கைதானுங்க. தீபாவளிக்கு உங்க ஊட்டுக்கு அனுப்பற முறுக்கு புழியறதும் இந்தக் கைதான்."

ஜானகியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அது யார் கண்ணுக்கும் தெரியல."

"தெரியாத வரைக்கும் சுத்தம், தெரிஞ்சா அசுத்தமுங்களா?"

"ஊரோட ஒத்துப் போகணும் கண்ணாத்தா."

"முப்பத்தேழு வருசம் ஒத்துப் போயிட்டனுங்க. என் கால்ல ரசம் ஊத்திக்கிட்டு ஒத்துப் போனேன். இனி முடியாதுங்க."

அவள் எல்சாவைப் பார்த்தாள். எல்சாவின் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"ஒரு மாதம் மட்டும்," என்றாள் எல்சா, தரையைப் பார்த்தபடி. "ஒரு மாதம் மட்டும் வலக்கையால் பரிமாறுங்கள். பிறகு எல்லோரும் மறந்துவிடுவார்கள்."

"நீங்களா சொல்றீங்க?" என்று கேட்டாள் கண்ணாத்தாள். வகுப்பில் கொடுத்த நேர்க்கத்தி பள்ளியுடையது, அதை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கொக்கிக் கத்திகள் அவளுடையவை. அவற்றையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனிமேல் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது என்று காவலாளி வழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வேலை போன செய்தி கேட்டுச் சின்னுசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைக்கூட மறந்து நின்றான். "வலது கையில ஊத்தியிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்?"

"நாளைக்கு உங்க வலத்து மாட்டை எடத்துலயும், எடத்து மாட்டை வலத்துலயும் மாத்திப் பூட்டி, பேட்டை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"அது மாடு. மாத்திப் பூட்டினா மெரளும்."

"நான் மனுசி. மெரளாம இத்தன வருசம் இளுத்தேன்."

சின்னுசாமி வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். மறுநாள் வண்டியிலிருந்து ஒரு கட்டுப் பூவரசங்கிளைகளை இறக்கி வாசலில் போட்டான். எல்லாம் முழங்கை போல வளைந்தவையாகப் பார்த்துப் பொறுக்கியவை. கருப்பண்ணன் அடித்துக் கொடுத்த ஒரு நேர்க்கத்தியும் அந்தக் கட்டில் செருகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், வகுப்பு தொடங்குகிற நேரத்துக்கு, கண்ணாத்தாள் பள்ளிக்குப் போனாள். உள்ளே போகவில்லை. வெளிவாசலுக்கு நேர் எதிரே சாலையோரப் புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து செதுக்க ஆரம்பித்தாள். காவலாளி வந்தான்.

"அம்மா உன்னயப் போகச் சொல்றாங்க."

"ரோடு அம்மாளுதா?"

"சர்க்காருது."

"அப்ப சர்க்காரு வந்து சொல்லட்டும்."

வகுப்புக்கு வந்த பெண்கள் அவளைக் கடந்து உள்ளே போனார்கள். பொன்னாத்தாள் மட்டும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சாலையில் ஏற்காட்டுக்குப் போகிற வண்டிகள் அவளைப் பார்ப்பதற்காகவே மெதுவாகப் போயின. ஒருவன் வண்டியில் இருந்தபடியே கேலியாக இடக்கையை ஆட்டிக் காட்டினான். அவளும் கத்தி பிடித்த இடக்கையைத் தூக்கி ஆட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை பொன்னாத்தாள் உள்ளே போகாமல் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உள்ள அவிங்களுக்குக் குழி குடையத் தெரியல. எல்சாம்மா கண்ணு எங்கியோ இருக்குது," என்றாள். அவள் வலக்கைக்காரி. அவளுக்குக் கண்ணாத்தாள் வலக்கைக்கு அடித்த கொக்கிக் கத்தியைக் கொடுத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை எல்சா வெளியே வந்தாள். ஒரு கையில் முக்காலி, மறு கையில் கத்திப் பெட்டி. பின்னால் சின்னாயியும் மற்றவர்களும் வந்தார்கள். எல்சா முக்காலியைச் சாக்கின் முன்னால் போட்டாள், ஆனால் உட்காரவில்லை.

"நான் அஞ்சினேன்," என்றாள். "உங்களிடம் அஞ்ச வேண்டாம் என்று சொன்னவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

கண்ணாத்தாளுக்கு அவள்மேல் கோபம் இருந்தது. மூன்று வாரமாக அதை வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லத் திட்டமிட்டிருந்த வார்த்தைகளும் இருந்தன. ஆனால் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, வெயிலில் சிவந்துபோய் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அந்த வார்த்தைகளுக்குத் தேவையில்லாமல் போயிற்று.

"வந்துட்டீங்கல்ல. உக்காருங்க," என்றாள்.

பள்ளிக்குள் கத்தி வகுப்பு அன்றோடு முடிந்தது. நிர்வாகிகள் பெரியவர்களுக்கான வகுப்பை நிறுத்திவிட்டதாக எல்சாவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். பள்ளிப் பெண்களுக்குப் பாடம் எடுத்தால் போதும் என்றார்கள். எல்சா வார நாட்களில் பள்ளிப் பெண்களுக்குப் பாடம் எடுத்தாள், சனிக்கிழமை புளியமரத்தடிக்கு வந்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் தன் ஊருக்குக் கப்பலேறுகிறவரை அது நடந்தது. மழை பெய்தால் சின்னாயியின் மாட்டுக் கொட்டகைக்கு மாறுவார்கள். சின்னாயி ஒரு நாள், "எனக்கும் ஒரு பால் அகப்பை செஞ்சு குடு," என்று கேட்டாள். கண்ணாத்தாள் செய்து கொடுக்கவில்லை. கத்தியைக் கொடுத்து, நீயே செய் என்றாள். சின்னாயி செய்தது அசிங்கமாக வந்தது. ஆனாலும் அதையே வைத்துக்கொண்டு பால் அளந்தாள்.

கண்ணாத்தாள் வாழப்பாடிச் சந்தையில் கடை போட்டாள். சாக்கின்மேல் அகப்பை, மத்து, உப்பு போட்டு வைக்கிற மரவை எல்லாம் பரப்பி வைத்திருப்பாள். வாரம் தவறாமல் சின்னுசாமியின் வண்டியில் போவாள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் பார்க்கச் செதுக்குவாள். எடுத்த பொருளைச் சிலர் அவள் கையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி காறித் துப்பினாள். வேறு சிலர் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தன வழவழப்பா யாரு செய்யறாங்க," என்று வாங்கிப் போனார்கள். வியாபாரம் ஒரு வாரம் நன்றாகவும் ஒரு வாரம் மோசமாகவும் நடந்தது. மோசமான வாரத்தில் சின்னுசாமி, "சாக்குக்குள்ள மறைச்சு செதுக்கினா என்ன?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நாள் சந்தைக்குப் பள்ளிக் காவலாளி வந்தான். அவளுக்குப் பிறகு வந்த சமையல்காரிகள் யாரும் நிலைக்கவில்லை என்றான். அம்மா திரும்ப வரச் சொல்கிறார்கள் என்றான்.

"எந்தக் கையாம்?"

அவன் இழுத்தான். "தினமும் எந்தக் கையா இருந்தாலும் பரவால்லியாம். பெரிய மனுசங்க யாராச்சும் வந்தா மட்டும்..."

கண்ணாத்தாள் சிரித்துவிட்டாள். சந்தை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "பெரிய மனுசங்க வர்ற அன்னிக்குத்தான் நான் ஒரு சொட்டு சிந்தாம ஊத்தோணும்னு நெனப்பேன். அதுக்கு இந்தக் கைதான் வேணும்னு அம்மாகிட்டச் சொல்லு."

"அப்ப வரமாட்டியா?"

"அவிங்களுக்கு இந்தக் கை சம்மதமுன்னா வாரேன். இல்லீன்னா இங்க இருக்கேன், அகப்பை வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினான். யாரோ ஒரு பெண் கூடையை இறக்கி வைத்து, கூழ் கிண்டுகிற அகப்பை இருக்கிறதா என்று கேட்டாள். கண்ணாத்தாள் கத்தியை முழங்காலில் வைத்துவிட்டு, நீளக் காம்பு உள்ளதாக ஒன்றைப் பொறுக்கி, இடக்கையாலேயே எடுத்து நீட்டினாள்.